எனோலா கேயும் ஒரு சோற்று டப்பாவும்

ஐயாவுக்கு வணக்கம்,

சென்ற வாரம் வாஷிங்டன் அருகே விமான அருங்காட்சியகத்தில், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கேயைப் பார்த்தேன். பளபளவென்று நிற்கிறது. இறக்கையின் நீளம் முதற்கொண்டு பலகையில் இருக்கிறது, எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. கொலைகாரர்களின் வண்டியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் நடுநிலையாக இருக்க வேண்டுமா, தீர்ப்புச் சொல்ல வேண்டுமா? அணுகுண்டை உருவாக்கிய ஓப்பன்ஹைமர் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓப்பன்ஹைமரை விடுங்கள், அவரைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது. நடுநிலையா தீர்ப்பா என்பது பட்டிமன்றத்துக்கு ஆகும். கொஞ்ச நாளாக என் மனதில் கிடப்பது ஒரு சோற்று டப்பா.

போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டுக்காக, 1995இல் இதே விமானத்தை வைத்து, அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் ஒரு கண்காட்சிக்குத் திட்டமிட்டது. ஹிரோஷிமாவிலிருந்து இரவல் கேட்ட பொருட்களில் ஒன்று பள்ளி மாணவி ஒருத்தியின் டப்பா. உள்ளே சோறும் பட்டாணியும் கரிந்து கிடந்தன. விமானப்படைச் சங்கமும் முன்னாள் வீரர்களும் கொதித்தார்கள். ஜப்பானியப் பிணங்களின் படம் எத்தனை, அமெரிக்கப் பிணங்களின் படம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். செனட் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வாசகங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் ஆறவில்லை. 1995 ஜனவரியில் திட்டமே கைவிடப்பட்டது, மே மாதம் அருங்காட்சியகத்தின் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார்.

எதிர்த்தவர்கள் விவரமானவர்கள். முப்பது மீட்டர் விமானத்தை ஒரு பிடி கரிச்சோறு தோற்கடித்துவிடும் என்று தெரிந்தவர்கள். நீங்கள்தான் பலகையில் ஒரு வரி கேட்கிறீர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள் என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படித்துவிட்டு, அதே இடத்தில் இருக்கும் டிஸ்கவரி விண்கலத்தைப் பார்க்கப் போயிருப்பீர்கள். டப்பாவை அப்படித் தாண்டிப் போக முடியாது தம்பி.

அப்புறம், 'கொலைகாரர்கள்' என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. 1945 நவம்பரில் ஜப்பானின் கியூஷூ தீவுக் கரையில் இறங்க வேண்டியிருந்த அமெரிக்கப் படையில் எத்தனையோ பேர் மீசை முளைத்தும் முளைக்காத பையன்கள். குண்டு விழுந்ததால்தான் பிழைத்தோம் என்று நம்பியே கிழவர்களானார்கள். அது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஒரு மதியம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நீங்கள் தீர்ப்பெழுத வேண்டாம். அவர்களுக்கும் அந்தக் கூடத்தில் இடம் வேண்டும், டப்பாவுக்குப் பக்கத்திலேயே.

ஹிரோஷிமா அருங்காட்சியகத்திலும் சண்டை உண்டு. தோல் தொங்க நடக்கும் பொம்மைகளை 2017இல் எடுத்துவிட்டு, இறந்தவர்களின் உடைமைகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பயங்கரத்தைக் குறைத்துவிட்டதாக எதிர்ப்பு வந்தது. எனக்கு அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது. பொம்மையை யாரோ செய்தார்கள். கிழிந்த சட்டையை ஒரு பையன் போட்டிருந்தான்.