பேரனின் பெயரை மாற்றத் தந்தையின் சம்மதம் அவசியமா?

கேள்வி: என் மகள் விவாகரத்துப் பெற்று இலண்டனில் வசிக்கிறாள். அங்கேயே பிறந்த ஒன்பது வயதுப் பேரன் நீதிமன்றக் கட்டளைப்படி அவளுடன் இருக்கிறான். அவனுடைய கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும், மகளின் கடவுச்சீட்டில் என் கணவரின் பெயரும் குடும்பப் பெயராக உள்ளன. விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்கிறார்களாம். அதனால் பேரனின் பெயரை மாற்ற விரும்புகிறாள். மருமகனாக இருந்தவர் இப்போது இங்கே உப்புவெளியில் இருக்கிறார். செலவுக்கு ஒரு சதமும் அனுப்பாதவரிடம் சம்மதம் கேட்க வேண்டுமா? காணிப் பத்திரம் எதனுடனாவது சேர்த்துக் கையொப்பத்தை வாங்கிவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர்.
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: கேட்கத்தான் வேண்டும், அம்மா. பிள்ளை இங்கிலாந்தில் வளர்வதால் அந்நாட்டின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமே இங்கு பொருந்தும். திருமண உறவில் பிறந்த பிள்ளையின் தந்தைக்கு அச்சட்டம் அளிக்கும் பெற்றோர்ப் பொறுப்பு, அதாவது பிள்ளை தொடர்பான சட்ட உரிமைகளும் கடமைகளும், விவாகரத்தினால் அற்றுப்போவதில்லை. பிள்ளை யாருடன் வாழ வேண்டும் என்று கட்டளை நடைமுறையில் இருக்கும்போது, அப்பொறுப்புடைய ஒவ்வொருவரின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ இன்றிப் பிள்ளையைப் புதிய குடும்பப் பெயரால் அழைக்கச் செய்யக்கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு கூறுகிறது. தாபரிப்புப் பணம் தராதது பெரும் தவறுதான்; உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், பணம் தராததற்காக அந்த உரிமை பறிபோவதில்லை. தாபரிப்பைத் தனியாகவே கேட்டுப் பெற வேண்டும்.

உறவினர் சொல்லும் வழியைத் தயவுசெய்து நினைத்தும் பார்க்க வேண்டாம். இன்னதற்குக் கையொப்பமிடுகிறோம் என்று அறியாமல் ஒருவர் இட்ட கையொப்பம் சம்மதமாகாது. பின்னர் அது நீதிமன்றத்தில் வெளிப்பட்டால், உங்கள் மகளின் சொல்லையே நீதிபதி நம்பத் தயங்குவார்.

தந்தை மறுத்தால் அல்லது பதிலே தராவிட்டால் மகள் அங்குள்ள குடும்ப நீதிமன்றத்தில் அனுமதி கோரலாம். அதற்கு முன், சமரசப் பேச்சு பற்றிய சந்திப்பொன்றுக்குப் பெரும்பாலும் செல்ல வேண்டியிருக்கும். பிள்ளையின் நலனையே நீதிமன்றம் முதன்மையாகக் கருதும். வயதுக்கும் விளக்கத்துக்கும் ஏற்ப அவனுடைய விருப்பத்தையும் கேட்டறியும். பெயர் மாற்றம் பிள்ளையின் நலனை மேம்படுத்தும் என்பதற்குச் சான்று வேண்டும் என்று, அப்போது அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் வேறுபடுகின்றன என்ற காரணம் பொதுவாக அவ்வளவு வலுவானதன்று என்று அதே ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது. ஆகவே, விமான நிலையத் தொல்லையை மட்டும் நம்பி வழக்குக்குப் போக வேண்டாம்.

நம்மவர் வழக்கம் இங்கே தனியாகக் கவனிக்கத்தக்கது. திருகோணமலையில் பிறந்திருந்தால், தந்தையின் பெயர் உங்கள் பேரனின் பெயருக்கு முன்னால் ஒரே ஒரு முதலெழுத்தாக நின்றிருக்கும். அதைக் குடும்பப் பெயர் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். இலண்டனில் அந்த எழுத்து முழுப் பெயராக விரிந்து, பள்ளிக்கூட வரவுப் பதிவில் ஆசிரியர் தினமும் வாசிக்கும் பெயராகிவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகத் தன்னுடையது என்று அவன் அறிந்த பெயர் அது. அதை முற்றாக நீக்குவதைவிட, தந்தையின் பெயரை நடுவில் வைத்துத் தாத்தாவின் பெயரைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். அப்படிக் கேட்டால் தந்தையும் இணங்கக்கூடும். சேர்ப்பதற்கும் சம்மதம் தேவைதான்.

சம்மதம் கேட்கும் கடிதத்தை மகளே எழுதட்டும். புதிய பெயரை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்திலும் குறிப்பிட்டு, காரணத்தையும் சொல்லி, வாசித்து முடிவெடுக்க அவருக்குச் சில வாரங்கள் கொடுக்கட்டும். நீங்களோ உறவினர்களோ உப்புவெளிக்குக் கூட்டமாகச் சென்று வாசலில் நிற்க வேண்டாம்.

அதுவரை பயணங்களின்போது பேரனின் பிறப்புச் சான்றிதழையும் நீதிமன்றக் கட்டளையின் பிரதியையும் மகள் கைப்பையில் வைத்திருக்கட்டும். பிள்ளை தாயுடன் வாழ வேண்டும் என்ற கட்டளை இருப்பதால், அக்கட்டளையில் வேறு தடை இல்லாவிட்டால், தந்தையின் சம்மதமின்றியே 28 நாள்கள் வரை அவனை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லலாம். அடுத்த விடுமுறைக்கு அவன் உவர்மலைக்கு வருவதற்குப் பெயர் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.