துன்பம் வந்தால் அது தேவனுடைய சிட்சையா? மனந்திரும்புதல் எங்கே தொடங்குகிறது?

யாங்கோனில் மளிகைக் கடை நடத்தும் சகோதரர் ஒருவர், வியாபார நட்டமும் மகளின் நோயும் சேர்ந்து வந்திருப்பதால், தேவன் தம்மைச் சிட்சிக்கிறாரா, எப்படி மனந்திரும்புவது என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, மகளின் நோயை உங்கள் பாவத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பிறவிக் குருடனைக் குறித்து அப்படிக் கேட்ட சீஷருக்கு இயேசுவே மறுப்புச் சொன்னார் (யோவான் 9:3). சிட்சை என்பது பழிவாங்குதல் அல்ல, தகப்பன் தன் பிள்ளையைத் திருத்துவது என்கிறது எபிரெயர் 12.

அது பல வேளைகளில் துன்பமாக அல்ல, பிறர் வாய்ச்சொல்லாகவே வருகிறது. தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியபோது, அவரைச் சிறையிலடைக்க அதிகாரமிருந்தும், தாவீது ராஜா கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார் (2 சாமுவேல் 12). அவருக்கு முன் ராஜாவாயிருந்து, தேவனுடைய கட்டளையை மீறிய சவுலும் பாவம் செய்தேன் என்றுதான் சொன்னார். ஆனால் முதலில் ஜனங்கள்மேல் பழியைப் போட்டார், பிறகு மூப்பர் முன்னிலையில் தம்மைக் கனப்படுத்தும்படி தீர்க்கதரிசி சாமுவேலைக் கேட்டார் (1 சாமுவேல் 15). இருவரையும் பிரிப்பது இந்த இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, தராசில் வீசைக்குக் கொஞ்சம் குறைத்து நிறுத்ததோ, தம்பிக்குத் தராமல் வைத்திருக்கும் பங்கோ மனதை உறுத்தினால், அதைப் பெயர் சொல்லி ஜெபத்தில் அறிக்கையிடுங்கள்; வரி வசூலித்த சகேயுவைப் போல உரியவரிடம் திருப்பியும் கொடுங்கள் (லூக்கா 19:8). முழுத்தொகை இப்போது கையில் இல்லையென்றால், தம்பியிடம் நேரில் போய்த் தவணை பேசிக்கொள்ளலாம்.