கண்ணை மூடினால் நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: என் வயது 46. இரண்டு மாதமாகத் தினமும் அரை மணி நேரம் தியானத்தில் அமர்கிறேன். கண்ணை மூடிய சிறிது நேரத்திலேயே இதயத்துடிப்பு பெரிதாகத் தெரிகிறது. காதுக்குள் 'ஙொய்' என்று சத்தம் கேட்கிறது. மூச்சு முட்டுவதுபோல் ஆகி, பயந்து எழுந்துவிடுகிறேன். மற்ற நேரங்களில் தொந்தரவு இல்லை. ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு பரிசோதனைகள் சரியாகவே இருக்கின்றன. புலன்களை உள்முகமாகத் திருப்புவது எனக்கு ஒத்துக்கொள்ளாதா?

பதில்: ஒத்துக்கொள்ளும், திருப்பும் முறையைத்தான் மாற்ற வேண்டும். உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் புதிய நோயின் சத்தம் அன்று; வெளிச்சந்தடியில் அமுங்கிக் கிடந்த உடலின் சத்தமே. 1953-ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் ஆய்வாளர்கள், செவித்திறன் குறையாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமர வைத்தபோது, அவர்களில் 94 சதவீதத்தினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகக் கூறினர். இதயத்துடிப்பும் அப்படித்தான். அது உணரப்பட்டதும் நீங்கள் பயப்படுகிறீர்கள். பயத்தால் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பு இன்னும் விரைகிறது. அதைக் கண்டு பயம் கூடுகிறது.

யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு உறுப்புகளில் ஐந்தாவது, புலன்களை உள்முகமாகத் திருப்பும் பிரத்தியாகாரம். அதைப் புலன்களை இழுத்துக் கட்டும் மல்யுத்தமாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். புலன்கள் தத்தம் பொருள்களில் ஒட்டாமல் சித்தத்தின் போக்கைப் பின்பற்றுவதே பிரத்தியாகாரம் என்பது அவர் தரும் விளக்கம். ஆகவே சித்தம் கலங்கியிருக்கையில் கண்ணை மட்டும் இறுக மூடுவதால் பயனில்லை. மனம் சிதறும்போது உடன்வருபவை என்று துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சின் ஒழுங்கின்மை ஆகிய நான்கையும் அவர் குறிப்பிடுகிறார். பதற்றத்தோடு வருபவரைப் பற்றி மருத்துவர்களாகிய நாங்கள் எழுதும் குறிப்பும் ஏறக்குறைய இதுதான்.

இப்போதைக்குப் பத்து நிமிடம் போதும். கண்களைப் பாதி திறந்து, சில அடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக வையுங்கள். மூச்சை அடக்கும் கும்பகம் வேண்டாம். மூக்கின் விளிம்பில் காற்று குளிர்ச்சியாக நுழைந்து, இளஞ்சூடாக வெளியேறுவதை மட்டும் கவனியுங்கள். உள்ளிழுக்க மூன்று எண்ணினால், வெளிவிட ஐந்து எண்ணுங்கள். மூச்சு வெளியேறுகையில், இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல்பாடு ஓங்கித் துடிப்பு சற்று மெதுவாகும். சத்தம் கேட்டால் கேட்கட்டும். நாடி பார்க்க விரல் தானாக மணிக்கட்டை நோக்கிப் போகும். அதைத் தடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்தச் சரிபார்ப்புதான் பயத்துக்குத் தீனி.

இரைச்சல் ஒரு காதில் மட்டும் நீடித்தாலோ, நாடியோடு ஒத்து 'தப், தப்' என்று நடமாடும்போதும் கேட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். படபடப்புடன் மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முன்பு மனநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால், பல நாள் மௌனத் தியான முகாம்களில் சேருமுன் உங்கள் மனநல மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.