கோலிக்குண்டுச் சோதனையில் மருந்தில்லாத சுண்டெலிகளே புதைக்காதபோது

வணக்கம். கோலிக்குண்டுச் சோதனையை (கூண்டுப் படுக்கையில் வைத்த குண்டுகளில் எத்தனையைச் சுண்டெலி புதைக்கிறது என்று எண்ணி, மருந்தின் விளைவைப் பார்ப்பது) மதுரையில் மே மாதம் 2 செ.மீ. உமி பரப்பிச் செய்ததில், மருந்து கொடுக்காத சுண்டெலிகளே 20 கோலிக்குண்டுகளில் நாலைந்தைத்தான் புதைத்தன, ஃபுளுவாக்செட்டின் (ஓசிடி என்ற, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்க்குத் தரும் மருந்து) கொடுத்த குழுவோடு வித்தியாசமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மருந்தைச் சந்தேகிக்கும் முன் படுக்கையைப் பாருங்கள்.

குண்டே 1.5 செ.மீ. விட்டம். 2 செ.மீ. உமியில் எலி எதைத் தோண்டி மேலே தள்ளும்? சன்னமான மரத்தூளை 5 செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, லேசாக அழுத்திச் சமப்படுத்துங்கள். குண்டுகளை 4க்கு 5 வரிசையில் மேலே வையுங்கள், அமுக்க வேண்டாம். 30 நிமிடம் கழித்து, மூன்றில் இரண்டு பங்காவது மறைந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது. ஒவ்வொரு எலிக்கும் புதுத் தூள், துடைத்துக் காயவைத்த குண்டு.

அடுத்தது வெக்கை. அறை 22–24 டிகிரியில் நிற்க வேண்டும். நம்மூர் வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் எலி அசையாமல் படுத்துவிடும். அன்றைக்குச் சோதனையைத் தள்ளிவையுங்கள்.

நடமாட்டத்தையும் தனியாக அளந்துவிடுங்கள். மயங்கிக் கிடக்கும் எலியும் புதைக்காது.

ஆய்வேட்டில் ‘ஓசிடி குறைந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதற்றம் தணிக்கும் மருந்தான டயசிபாமும் புதைப்பதைக் குறைக்கும். அது ஓசிடி மருந்தல்ல. மனிதருக்கு ஃபுளுவாக்செட்டின் பலன் தர வாரக்கணக்கில் ஆகும், எலியிலோ ஒரே ஊசியில் குறைகிறது. வலுவான ஆதாரம் வேண்டுமென்றால் ராட் வகை (சுண்டெலியைவிடப் பெரிய) எலிகளில், ஓசிடி போன்ற நடத்தையை உண்டாக்கும் குவின்பிரோல் என்ற மருந்தைக் கொடுத்துப் பாருங்கள்: எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி., வாரம் இருமுறை, 8–10 ஊசி. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சரிபார்ப்பதை வீடியோவில் எண்ணலாம். அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் புதிதாக அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.