மாமாவின் ஓட்டும் மாமியின் ஓட்டும்

வணக்கம் ஐயா,

சென்ற வாரத் தேர்தல் கட்டுரையில் "வாக்காளரை ஏமாளி என்று சொல்கிறவர்கள் அவரிடம் பேசிப் பார்க்காதவர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நான் பேசிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், என் மாமா ஏமாளிதான்.

மாமா லண்டனில் ஹாரோ பக்கம் சின்ன உணவகம் நடத்துகிறார். தொண்ணூறுகளில் போனவர். 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது வெளியேறும் பக்கம் போட்டார். மாமி அங்கே அரசு மருத்துவமனையில் செவிலியர். அவர் இருக்கும் பக்கம். கொஞ்ச நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை என்று அம்மா சொல்வார்.

தானே வெளியூரிலிருந்து போய்க் குடியேறியவர், வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்று ஓட்டுப் போட்டால் அதற்கு என்ன பெயர்? ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்ட் போகிறது, அதை மருத்துவத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். மாமா அதை நம்பினார். இவ்வளவு சிக்கலான விஷயத்தைச் சாதாரண ஜனங்களிடம் கேட்டதே தப்பு என்பது என் கட்சி. இன்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தால் எல்லோரும் மாற்றித்தானே போடுவார்கள்?

செ. ம., திருச்சி

*

அன்புள்ள செ. ம.,

மாமா உணவகம் நடத்துகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

ஒன்றியத்தில் இருந்தவரை போலந்துக்காரரோ ருமேனியாக்காரரோ விசா இல்லாமல் லண்டனுக்கு வந்து வேலை பார்க்கலாம். உங்கள் மாமா திருச்சியிலிருந்து ஒரு பரோட்டா மாஸ்டரைக் கூப்பிட வேண்டுமென்றால் கதையே வேறு. 2016-இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவர, கிட்டத்தட்ட 30,000 பவுண்ட் ஆண்டுச் சம்பளம் காட்ட வேண்டும். பார்சல் கொடுக்கும் கடை என்றால் அந்த விசாவே கிடையாது. பார்சல் இல்லாமல் எந்த இந்திய உணவகம் பிழைக்கும்? அந்த நேரத்தில் வேலைவாய்ப்பு அமைச்சராக இருந்த ப்ரீத்தி படேல், ஒன்றியத்திலிருந்து வெளியேறினால் கறி உணவகங்களைக் காப்பாற்றலாம், தெற்காசியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரலாம் என்று பிரசாரம் செய்தார். வங்காளதேச உணவக முதலாளிகள் பலர் அதை நம்பி அந்தப் பக்கம் போனார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2012-லிருந்து, பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் ஊரில் கல்யாணம் செய்துகொண்டு மனைவியையோ கணவரையோ அழைத்துவர வேண்டுமென்றால் ஆண்டுக்கு 18,600 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும். அதே தெருவில் குடியிருக்கும் ஜெர்மன்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ அந்த நிபந்தனை இல்லை. அவர் வேறு எந்த நாட்டில் பெண் எடுத்தாலும் ஐரோப்பியச் சட்டப்படி அழைத்துவரலாம். பாஸ்போர்ட் வாங்கி, வரி கட்டி, அதன் பிறகும் நேற்று வந்தவனைவிட நமக்குச் சலுகை குறைவா என்ற எரிச்சல் தெற்காசியக் குடும்பங்களில் நிறையவே இருந்தது. வாக்கெடுப்பன்று ஆஷ்கிராஃப்ட் பிரபு எடுத்த கருத்துக்கணிப்பில், ஆசிய வம்சாவளியினரில் மூன்றில் ஒருவர் வெளியேறும் பக்கம் என்று வந்தது. தெற்காசியர்கள் திரளாக வாழும் ஸ்லவ், லூட்டன் இரண்டு ஊர்களிலுமே வெளியேறும் பக்கம்தான் ஜெயித்தது. ஆக, உங்கள் மாமா வெளியூர்க்காரர்கள் வரக்கூடாது என்று போட்டிருக்க வாய்ப்பு குறைவு. அவர் ஊர்க்காரர்கள் வரவேண்டும் என்று போட்டிருக்கலாம். "பேசிப் பார்த்தேன்" என்கிறீர்கள். பஸ்ஸைப் பற்றித்தான் பேசினீர்களா, கடையைப் பற்றியும் கேட்டீர்களா?

மாமி ஏன் வேறு மாதிரி போட்டார் என்பதும் எளிதில் புரிகிறது. அவருடைய வார்டில் ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் வந்த செவிலியர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் போனால் அந்த இரவு ஷிஃப்ட் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். வாக்கெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து புதிதாக வரும் செவிலியர்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்ததும் நடந்தது. ஒரே வீட்டில் சமையலறைக் கணக்கு ஒன்று, வார்டுக் கணக்கு ஒன்று. இரண்டுமே சரியான கணக்குகள்தான்.

இடையில் ஒரு வேடிக்கை. அந்த வாக்கெடுப்பில் யாருக்கு ஓட்டு இருந்தது தெரியுமா? பிரிட்டனில் முறையான விசாவோடு இருந்த காமன்வெல்த் நாட்டினருக்கு இருந்தது. சென்னையிலிருந்து படிக்கப் போன மாணவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருந்தால் ஓட்டுப் போடலாம். பத்து வருடமாக அங்கே கொத்தனார் வேலை பார்க்கும் போலந்துக்காரர் போட முடியாது. இது தமிழர்களுக்குள்ளேயே ஒரு கோடு போட்டது. இலங்கையிலிருந்து அகதியாக நெதர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் போய், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும், கோயிலும் சொந்தக்காரர்களும் பக்கத்தில் இருக்கட்டும் என்று லண்டனுக்கு மாறிய குடும்பங்கள் பல. டச்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த தம்பிக்கு ஓட்டு இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு விசாவில் இருந்த அண்ணனுக்கு உண்டு. அப்புறம் அந்தத் தம்பிதான் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்துத் தன் குடியிருப்பு உரிமையைப் பத்திரப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதெல்லாம் லண்டன் கதை. லண்டன் மொத்தத்தில் 60 சதவீதம் இருக்கும் பக்கம். எதிர்முனையைப் பார்க்க லிங்கன்ஷரில் இருக்கும் பாஸ்டன் என்ற சின்ன ஊருக்குப் போக வேண்டும். அங்கே 75.6 சதவீதம் வெளியேறும் பக்கம், நாட்டிலேயே அதிகம். சுற்றிலும் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு வயல்கள், காய்கறியைக் கழுவிக் கட்டும் கூடங்கள். 2004-இல் கிழக்கு ஐரோப்பாவின் எட்டு நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பழைய உறுப்பினர்களில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றுதான் உடனே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. ஜெர்மனி 2011 வரை கதவை மூடி வைத்திருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பாஸ்டனில் பத்தில் ஒருவர் அந்த நாடுகளில் பிறந்தவர். ஏழெட்டு வருடத்துக்குள் இது நடந்தது. வாடகை ஏறியது, ஒரு வீட்டில் ஏழெட்டுப் பேர் தங்கினார்கள், மருத்துவரைப் பார்க்கவும் பள்ளியில் இடம் வாங்கவும் காத்திருக்க வேண்டி வந்தது. அங்கே எழுந்த கோபத்தில் இனவெறியும் கலந்திருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஊர் பெருத்த அளவுக்கு மருத்துவரையும் பள்ளியையும் கூட்டாத அரசின் மீது எழுந்த கோபமும் அதில் சரிபாதி இருந்தது என்று நினைக்கிறேன்.

சாதாரண ஜனங்களிடம் கேட்டது தப்பு என்கிறீர்கள். சரி, நிபுணர்களிடம் கேட்டதற்கு என்ன பதில் வந்தது? புதிதாகச் சேரும் நாடுகளிலிருந்து ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை வந்து தங்குவார்கள் என்று, உள்துறை அமைச்சகத்துக்காக 2003-இல் எழுதப்பட்ட ஆய்வு சொன்னது. வந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. ஜெர்மனியும் கதவைத் திறந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும் என்று ஆய்வாளர்களுக்காக வாதாடலாம், நியாயமும் உண்டு. முட்டைக்கோஸ் கட்டுகிறவருக்கு அந்த நியாயத்தை யார் போய் விளக்குவது? அரசியல் பேராசிரியர் ஆனந்த் மேனன் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். நியூகாசில் கூட்டம் ஒன்றில், வெளியேறினால் நாட்டின் ஜிடிபி இறங்கும் என்று பேச்சு வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாராம்: "அது உங்க ஜிடிபி, எங்களோடது இல்ல." எப்வ் வேல் என்ற வெல்ஷ் ஊரில் 2002-இல் உருக்காலை மூடியது. அதன் பிறகு ஐரோப்பியப் பணத்தில் சாலையும் கட்டடங்களும் வந்தன, உருக்காலைச் சம்பளம் திரும்பவில்லை. ஒன்றியத்தின் பலகை நட்ட அந்த வட்டாரத்தில் 62 சதவீதம் வெளியேறும் பக்கம் போட்டார்கள். நன்றிகெட்டவர்கள் என்று லண்டன் பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். பலகையைப் பார்த்து நன்றி சொல்லும் பழக்கம் நம் ஊரிலும் இல்லை.

ஏமாந்தவர்களே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம் வெளியேறும் பக்கம். எங்கள் கடலை ஐரோப்பா பிடுங்கியது என்பது அங்கே பொதுப் பேச்சு. உண்மையில் கிரிம்ஸ்பியின் பெரிய படகுகள் பிழைத்தது ஐஸ்லாந்துக் கடலின் காட் மீனில். ஐஸ்லாந்து 200 கடல்மைல் எல்லை போட்டு, 1976-இல் பிரிட்டன் விட்டுக்கொடுத்தபோதே அந்தத் தொழிலின் முதுகு முறிந்துவிட்டது. ஐஸ்லாந்து அன்றும் ஒன்றியத்தில் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் மீனவர் சொல்வதில் ஒரு துண்டு உண்மை உண்டு. பிரிட்டனின் மீன் ஒதுக்கீட்டில் ஸ்பானிய முதலாளிகளின் படகுகள் புகுந்தபோது, 1988-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பியச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லி 1990-இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே நிறுத்தியது. நம் நாடாளுமன்றம் போட்ட சட்டம் நம் கடலில் செல்லாதா என்ற கேள்வி அப்போது முளைத்தது. அந்தக் கேள்வி பஸ்ஸுக்கு 26 வருடம் மூத்தது.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றியத்திடமிருந்து திரும்பி வரும் பணத்தைக் கழிக்காத கணக்கு அது. பொய் என்றே சொல்லலாம்.

இருக்கும் பக்கம் போட்டவர்களும் ஒரே காரணத்துக்காகப் போடவில்லை. வட அயர்லாந்தில் 56 சதவீதம் அந்தப் பக்கம். அங்கே கறந்த பாலில் கணிசமான பங்கு எல்லை தாண்டித் தெற்கே, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்குப் போய்ப் பதமாகிறது. 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாமல் போன அந்த எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வந்துவிடுமோ என்பதுதான் பலருக்குப் பயம். ஒன்றியத்தின் தலைமையிடமான ப்ரஸ்ஸல்ஸ் மீது காதல் எல்லாம் இல்லை.

என்னைக் கேட்டால் கோளாறு கேள்வியில்தான். "இருப்பதா, வெளியேறுவதா?" என்று சீட்டில் இருந்தது, அவ்வளவுதான். வெளியேறி எங்கே போவது? நார்வேயைப் போல, பொருளும் ஆளும் தடையில்லாமல் போய்வரும் ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தையில் இருந்துகொண்டா, கனடாவைப் போல வெறும் வணிக ஒப்பந்தத்தோடா, ஒன்றுமே இல்லாமலா? கிணறு யாருக்கு, முன்வாசல் யாருக்கு என்று சொல்லாமல் பாகப்பிரிவினை வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் வீட்டில் கேட்டதைப் போல. ஓட்டுப் போட்டவர் ஆளுக்கொரு பாகத்தை மனதில் வைத்துத்தான் போட்டார். வெளியேறும் பக்கம் ஜெயித்தால் என்ன செய்வது என்று அப்போதைய பிரதமர் கேமரனின் அரசு தயாரிப்பே செய்யவில்லை. நாடாளுமன்ற வெளியுறவுக் குழு அதைப் படுமோசமான அலட்சியம் என்று கண்டித்தது. சதவீத வரம்பும் வைக்கவில்லை. இதே நாடு 1979-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆம் என்றால்தான் செல்லும் என்றது. பதிவான ஓட்டில் 51.6 சதவீதம் ஆம் என்று வந்தும் அது தோற்றது. 2016-இல் வெளியேறும் பக்கம் விழுந்தது 1,74,10,742 ஓட்டு. பதிவான ஓட்டில் 51.9 சதவீதம், மொத்த வாக்காளர்களில் 37 சதவீதம்தான். பழைய விதி இருந்திருந்தால் செல்லாது. இதைச் சொன்னால் தோற்றவர்களின் புலம்பல் என்பார்கள். புலம்பலாக இருந்தால் என்ன, கணக்கு கணக்குதானே.

உங்கள் மாமாவும் பாஸ்டன்காரரும் ஒரே கட்டத்தில்தான் பெருக்கல் குறி போட்டார்கள். ஒருவர் திருச்சியிலிருந்து ஆள் வர வேண்டும் என்று, மற்றவர் யாருமே வர வேண்டாம் என்று. எந்த அரசு வந்தாலும் ஒருவரைக் கைவிட்டே ஆக வேண்டும். நடந்தது என்ன? 2023 ஜூன் வரையிலான ஓராண்டில், போனவர்களைக் கழித்து, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள் 9 லட்சத்துக்கும் மேல். வந்தவர்களில் இந்தியர்கள்தான் அதிகம். மாமாவுக்குக் கொஞ்ச காலம் கொண்டாட்டமாக இருந்திருக்கும். பாஸ்டன்காரர் கொதித்துப்போனார். உடனே அரசு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. 2024-இல் வெளிநாட்டு வேலையாளுக்கான சம்பள வரம்பு 38,700 பவுண்டாக ஏறியது, கணவன் மனைவி விசாவுக்கான வருமான வரம்பு 29,000 ஆனது. பரோட்டா மாஸ்டர் மறுபடி திருச்சியிலேயே நின்றுவிட்டார்.

இன்று மறுபடி வைத்தால் மாற்றிப் போடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். வெளியேறியது தப்பு என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் என்று கருத்துக்கணிப்புகள் சில வருடங்களாகவே சொல்கின்றன. தப்பு என்று சொல்கிற எல்லோரும் திரும்பிப் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியாக வெளியேறவில்லை என்று சொல்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். லேபர் கட்சி 2024-இல் பெரும்பான்மையோடு வந்தும், ஒற்றைச் சந்தைக்கோ, உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பமாட்டோம் என்று சொல்லித்தான் வந்தது. 2025 மே மாதம் ஐரோப்பாவுடன் போட்ட உடன்பாட்டில் ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை பிரிட்டிஷ் கடலில் மீன்பிடிக்க அனுமதி நீண்டது. மீனவர் சங்கங்கள் கொதித்தன.

2024 தேர்தலில் பாஸ்டன் தொகுதி, இன்னும் கடுமையாக எல்லையை மூடச் சொல்லும் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது. கிரிம்ஸ்பி 2019-இல் முக்கால் நூற்றாண்டுப் பழக்கத்தை விட்டுக் கன்சர்வேட்டிவ் பக்கம் போயிருந்தது. 2024-இல் லேபருக்கே திரும்பியது. ஹாரோவில் மாமா யாருக்குப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். மாமியிடம் தனியாகக் கேளுங்கள்.

அன்புடன்.