‘மொடரேட்’ என்று பார்த்ததும் பிளாட்டைக் கைவிட வேண்டாம்

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஆறு மாடிக் கட்டிடம் ஒன்றில் மூன்றாம் மாடி பிளாட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டோம். விற்பவரின் சொலிசிட்டர் அனுப்பிய தீ அபாய மதிப்பீட்டு அறிக்கையில் ‘மொடரேட்’ என்றும், திருத்த வேண்டியவை 14 என்றும் இருக்கிறது. “எல்லாக் கட்டிடத்துக்கும் இப்படித்தான் வரும், வாசித்து மண்டையைக் குழப்பாதீர்கள்” என்கிறார் எஸ்டேட் ஏஜென்ட். மோர்ட்கேஜ் எடுத்துத்தான் வாங்குகிறோம். வாங்கலாமா, விடலாமா?

பதில்: ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி சரி. அடுத்த பாதியை அவர் ஏன் சொல்கிறார் என்பது உங்களுக்கே தெரியும். விற்றால்தான் அவருக்குக் கமிஷன்.

வழக்கமான மதிப்பீட்டில் ஐந்து படிகள் உண்டு: ட்ரிவியல், டொலரபிள், மொடரேட், சப்ஸ்டான்ஷியல், இன்டொலரபிள். உங்களுடையது நடுப்படி. குறைகள் உண்டு, குறித்த காலத்துக்குள் சரிசெய்யுங்கள் என்று பொருள். ஆட்களை வெளியேற்ற வேண்டிய நிலை என்றால் கடைசிப் படியைப் போட்டிருப்பார்கள். ஒரு குறையும் இல்லை என்று எழுதிய அறிக்கையைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். எழுதியவர் மாடிப்படி ஏறினாரா, காரில் இருந்தபடியே எழுதினாரா என்று கேட்கத் தோன்றும்.

இது வெறும் கிண்டல் இல்லை. இங்கிலாந்தில் கேஸ் கொதிகலன் பூட்டுகிறவருக்குக் கட்டாயப் பதிவு வேண்டும். நூறு குடும்பங்கள் தூங்கும் கட்டிடத்தின் தீ அபாயத்தை மதிப்பிடுகிறவருக்கு அப்படி ஒரு கட்டாய உரிமம் இருந்ததில்லை. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் இறுதி அறிக்கையில் மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டாய அங்கீகாரம் வேண்டும் என்று பரிந்துரைக்கும்போது 2024 செப்டெம்பர் ஆகிவிட்டது. ஏழு வருடம்! ஆகவே முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் நிறுவனத்தையும் பாருங்கள். தீப் பாதுகாப்பு நிறுவனங்களுக்குச் சான்று தரும் பேஃப் (BAFE) அமைப்பின் எஸ்பி205 பதிவு போல ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெயரே இல்லையென்றால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி முக்கியமான பக்கம். அறிக்கையின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கும்: என்ன குறை, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள். அதை இதற்கு முந்தைய அறிக்கையின் அட்டவணையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தையதை விற்பவர் நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் அவர் மூலமாகக் கேளுங்கள். அதே குறை, அதே வாசகம், தேதி மட்டும் மாறியிருந்தால் கட்டிடத்தை நிர்வகிக்கிறவர்கள் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 14 குறையோடு இருந்து பத்தை முடித்த கட்டிடத்தை நான் வாங்குவேன். மூன்றே குறையை மூன்று வருடமாக இழுத்தடிக்கும் கட்டிடத்தின் பக்கம் போகமாட்டேன்.

அந்த 14இல் பாதி அனேகமாகச் சில்லறை வேலைகள்: எரியாத அவசர விளக்கு, மாடிப்படியடியில் சைக்கிள், வாசலில் செருப்புத் தட்டு. நம்மவர்கள் வீடுகளில் செருப்புத் தட்டு இல்லாத வாசல் கிடையாது. அதை உள்ளே எடுத்தால் விஷயம் முடிந்தது.

அடுத்து கதவுகள். பிளாட் வாசல் கதவு 30 நிமிடம் தீயைத் தாங்க வேண்டும், தானாக மூடிக்கொள்ள வேண்டும். இங்கேதான் ஒரு கூட்டம் காத்திருக்கிறது. நீங்கள் குடிபுகுந்த கையோடு “புதுச் சட்டப்படி எல்லாக் கதவையும் மாற்ற வேண்டும்” என்று ஒருவர் துண்டுப் பிரசுரத்தோடு வருவார், சிலவேளை மனேஜிங் ஏஜென்டின் சிபாரிசோடு. அப்படி ஒரு சட்டம் இல்லை. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் பிளாட் கதவுகளை ஆண்டுக்கு ஒரு முறையும் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் சோதிக்கச் சொல்கின்றன. சோதிக்கத்தான் சொல்கின்றன. கதவை இழுத்து மூடும் கருவி பழுது, ஓரத்துப் புகைத்தடுப்புப் பட்டி கழன்றிருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். முழுக் கதவு என்று யாராவது சொன்னால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பொது வேலைக்கு உங்கள் தலைக்கு 250 பவுணுக்கு மேல் வரும் என்றால் முன்கூட்டியே முறைப்படி கலந்தாலோசித்திருக்க வேண்டும். அதற்கான செக்ஷன் 20 நோட்டீஸ் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று சொலிசிட்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

“டைப் 1” என்று எங்காவது எழுதியிருக்கும். பொதுப் பகுதிகளை உடைக்காமல், திறக்காமல் பார்த்தது அது. சுவருக்குள் குழாய் போகும் ஓட்டைகளை ஒழுங்காக அடைத்தார்களா, ரோசா நிற நுரையைப் பீச்சிவிட்டுப் போனார்களா என்பது அதில் முழுதாகத் தெரியவராது.

வெளிச்சுவர் வேறு விவகாரம். உங்கள் மோர்ட்கேஜ் இந்த 14இல் ஒன்றில் தொங்குமென்றால் அது இதுதான். “வெளிச்சுவருக்குத் தனி மதிப்பீடு தேவை” என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது செய்யப்பட்டதா, கடன் தருகிறவர்கள் கேட்கும் வெளிச்சுவர்த் தீ மதிப்பீட்டுப் படிவமான ஈடபிள்யூஎஸ்1 (EWS1) உண்டா, அதில் என்ன தரம் என்று கேளுங்கள். படிவம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பி2 என்றால் திருத்த வேலை தேவை. பணம் யார் கட்டுவது என்று தெரியும்வரை கையெழுத்து வேண்டாம்.

2022இன் கட்டிடப் பாதுகாப்புச் சட்டம் இதில் உங்களைக் காக்கிறது: ஐந்து மாடி அல்லது 11 மீட்டருக்குக் குறையாத கட்டிடம், 2022 பெப்ரவரி 14 அன்று அந்த லீஸ் தகுதி பெற்றிருந்தது என்றால், ஆபத்தான கிளாடிங்கை, அதாவது வெளிச்சுவரின் மேலுறையை, அகற்றும் செலவு உங்கள் தலையில் விழாது. அன்று யார் கையில் லீஸ் இருந்தது என்பதுதான் கணக்கு. பாதுகாப்பு லீஸோடு உங்களுக்கு வந்து சேரும். அதற்கான உறுதிப் பத்திரத்தை விற்பவர் தர வேண்டும்.

ஆனால் ஒன்று. உங்கள் ஏஜென்டின் விளம்பரத்தில் “ஷேர் ஒஃப் ஃப்ரீஹோல்ட்” என்று பெரிதாகப் போட்டிருக்கிறாரா? நம் ஆட்கள் அதைக் கண்டதும் நிலமும் சேர்ந்து வருகிறது என்று கூடுதல் விலை கொடுப்பார்கள். குடியிருப்பவர்களே சேர்ந்து நிலவுரிமையை வாங்கிய கட்டிடங்களுக்கு நான் மேலே சொன்ன பாதுகாப்பு கிடையாது. ஆறு மாடியாக இருந்தாலும் கிடையாது, 2022இல் விற்பவர் அங்கேயே குடியிருந்தாலும் கிடையாது. கிளாடிங்குக்கு அரச நிதித் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மற்றக் குறைகளுக்கு, உள்ளே அடைக்காத ஓட்டைகளுக்கு, நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் பையில் கைவிட வேண்டியதுதான். வேறொரு நில உரிமையாளரே இருந்து, நிர்வாகத்தை மட்டும் குடியிருப்பவர்கள் எடுத்திருந்தால் அது வேறு. அங்கே பாதுகாப்பு உண்டு. பெயர்கள் காதில் ஒன்றுபோல் விழும், ஏஜென்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நில உரிமைப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று சொலிசிட்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்தப் பதில்கள் வரும்வரை எக்ஸ்சேஞ்ச், அதாவது உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம், செய்ய வேண்டாம். “வேறொருவர் கூடுதல் விலைக்குக் காத்திருக்கிறார்” என்று ஏஜென்ட் போன் எடுப்பார். முந்தைய அறிக்கையின் அட்டவணை வந்ததா என்று அவரிடமே கேளுங்கள்.