தேர்தல் முறைப்பாட்டில் கையொப்பமிட்டோம், இப்போது எங்களைக் குறிவைக்கிறார்கள்

கேள்வி: வன்னியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் ஒப்பரேட்டராக வேலை செய்கிறேன். எங்கள் தொழிற்சங்கக் கிளையின் நிர்வாகத் தேர்தல் கடந்த மாதம் 12ஆம் திகதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. வாக்காளர் பட்டியலை முன்கூட்டி ஒட்டவில்லை. சூப்பர்வைசர் இருவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். கையொப்பமிட்டுச் சீட்டு வாங்கியவர்கள் 287 பேர். எண்ணும்போது 312 சீட்டு இருந்தது. 23 பேர் கையொப்பமிட்டு 16ஆம் திகதி செயலாளரிடம் முறைப்பாடு கொடுத்தோம். 19ஆம் திகதி, முதலாவதாகக் கையொப்பமிட்ட அக்காவை லைனிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பக்கிங் பகுதிக்குப் போட்டார்கள். எனக்கு ஓ.டி. தருவதில்லை. 24ஆம் திகதி சங்கத்திலிருந்து, 'உறுப்புரிமையை ஏன் இடைநிறுத்தக் கூடாது, 7 நாட்களுக்குள் விளக்கம் தரவும்' என்று கடிதம். 'காட்டிக் கொடுத்தவர்கள்' என்று காதுபடச் சொல்கிறார்கள். ஆறு பேர் கையொப்பத்தைத் திரும்பப் பெறப் போகிறோம் என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகி ஒருவர், வன்னி

பதில்: சகோதரி, முதலில் அந்த 24ஆம் திகதிக் கடிதத்துக்குப் பதில் போக வேண்டும். 7 நாள் தாண்டியிருந்தாலும் இன்றைக்கே எழுதுங்கள். பதில் இல்லாத கோப்பை வைத்துத்தான் 'விளக்கம் தர மறுத்தார்' என்று சொல்லி விலக்குவார்கள். நீளமாக எழுத வேண்டாம். சங்க யாப்பின் (சங்கத்தின் விதித்தொகுப்பின்) எந்த விதியை மீறியதாகச் சொல்கிறீர்கள், எந்தத் திகதியில் செய்த எந்தச் செயல், அதற்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள். விசாரிக்கும் குழுவில் 12ஆம் திகதித் தேர்தலில் போட்டியிட்ட எவரும் இருக்கக் கூடாது என்று எழுதுங்கள். கடைசியில், '16ஆம் திகதி கொடுத்த முறைப்பாட்டுக்கு முடிவு வரும்வரை என் உறுப்புரிமையில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம்' என்று ஒரு வரி. இதைத் தொழிற்சாலைக்குள் கையில் கொடுக்காதீர்கள். தபாலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தச் சின்னப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வீட்டில் வையுங்கள்.

உங்களுக்கு இரண்டு பக்கத்தால் அடி விழுகிறது. ஒன்று சங்கத்திலிருந்து, மற்றது நிர்வாகத்திலிருந்து. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால் இரண்டு இடத்திலும் 'இது எங்கள் விடயமில்லை' என்று திருப்பி விடுவார்கள். வன்னியில் பல முறைப்பாடுகள் இப்படித்தான் அலைந்து களைத்துப் போகின்றன.

நிர்வாகத்தின் பக்கத்தை எடுத்துக்கொள்வோம், சட்டம் அங்கேதான் கூடுதலாக உதவுகிறது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் 32அ என்ற பிரிவைச் சேர்த்தது. நியாயமற்ற தொழில் நடைமுறைகள் எவை என்று அது பட்டியலிடுகிறது. தொழிற்சங்கச் செயற்பாட்டில் ஈடுபட்டதற்காக மட்டும் ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது, சங்கத்தின் செயற்பாடுகளில் தொழில்வழங்குநர் தலையிடக் கூடாது என்பவை அதில் உண்டு. வாக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர்களின் கதை இங்கேதான் வருகிறது. இன்னொன்று உங்களுக்கு மிகவும் பெறுமதியானது: ஒரு நியாய மன்றத்தின் முன்போ அதிகாரமுள்ள ஒருவர் முன்போ நல்லெண்ணத்துடன் சொன்ன கூற்றுக்காகத் தொழிலாளியை நீக்கவோ அவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கவோ கூடாது. செயலாளரிடம் கொடுத்த கடிதம் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம். ஆகவே சூப்பர்வைசர்களின் தலையீட்டையும் 19ஆம் திகதி இடமாற்றத்தையும் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். அதற்குப் பிறகு நடக்கும் எந்தத் தண்டனையும் 'அதிகாரமுள்ளவர் முன் சொன்னதற்காக வந்தது' என்று வாதிட இடம் கிடைக்கும். ஒரு விடயத்தை மனதில் வையுங்கள்: இந்தக் குற்றத்தை நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது தொழில் திணைக்களம்தான், உங்களால் நேரே வழக்குப் போட முடியாது. அதனால் திணைக்களம் தூக்கிக்கொண்டு போகக்கூடிய அளவுக்கு ஆதாரத்தை நீங்கள்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆதாரத்தின் உயிர் திகதியில் இருக்கிறது. '16இல் முறைப்பாடு, 19இல் இடமாற்றம்' என்ற மூன்று நாள் இடைவெளி எந்தப் பேச்சையும் விடப் பலமாகப் பேசும். 80 பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, எழுதத் தொடங்கும் முன்னரே எல்லாப் பக்கத்துக்கும் இலக்கம் இடுங்கள். ஒரு தாளும் கிழிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் திகதி, நேரம், யார், என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்பதை நீலப் பேனையால் எழுதுங்கள். 'லைனில் எல்லோருக்கும் ஓ.டி. இருந்தது, எனக்கு மட்டும் இல்லை' என்பதோடு நிறுத்தாமல், அன்று ஓ.டி. செய்த மூன்று நாலு பேரின் பெயரையும் எழுதுங்கள். முறைப்பாட்டுக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத் துண்டுகளையும் பிந்தியவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஓ.டி. மணித்தியாலம் எந்த மாதத்தில் விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். கம்பனி பஸ் உங்கள் சந்தியில் நிற்காமல் போனால் அதையும் எழுதுங்கள், பிந்தி வந்ததாகக் காட்டி வரவுக் கொடுப்பனவை வெட்ட அது வழி. தொலைபேசி தடைசெய்யப்பட்ட இடத்தில் ஒளித்து வீடியோ எடுக்க வேண்டாம். சங்க விடயத்தைத் தொடாமலே உங்களை நீக்க அது ஒரு சுத்தமான காரணமாகிவிடும்.

ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு ஏதாவது தாளில் கையொப்பம் கேட்டால், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து விளங்கவில்லையென்றால், 'தமிழில் தாருங்கள், வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்லுங்கள். கட்டாயப்படுத்தினால் கையொப்பத்துக்கு மேலே தமிழில், 'பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை' என்று எழுதித் திகதியும் நேரமும் போடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். தயாராக அச்சடித்து வைத்த இராஜினாமாக் கடிதம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதில் கையொப்பமிட்டால் நீங்களாகவே விலகியவராகி விடுவீர்கள், வேலைநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய மன்றத்தில் அதை உடைப்பது பெரும்பாடு. அவர்களாக நீக்கினால், 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஒழுக்காற்றுக் காரணத்தை இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். நியாய மன்றத்துக்கு விண்ணப்பிக்க நீக்கிய நாளிலிருந்து 6 மாதம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்த 6 மாதம் நிற்காது.

இனிச் சங்கத்தின் பக்கம். இங்கே சட்டம் மெலிவானது. அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேர்தல் பற்றி முறையிடும் உரிமையைப் பயன்படுத்திய உறுப்பினருக்குச் சங்கம் தண்டம் விதிக்கவோ, அவரை இடைநிறுத்தவோ, விலக்கவோ கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. எங்கள் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டினது. அதற்குள் அப்படியொரு வரியைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். உங்கள் சங்கத்தின் யாப்புத்தான் உங்கள் கேடயம். யாப்பு கையில் இல்லையென்றால் செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பதிவு செய்யப்பட்ட பிரதி தொழிற்சங்கப் பதிவாளரிடம் இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

பதிவாளருக்கு, நாரஹேன்பிட்டத் தொழில் செயலகத்துக்கு, இன்னொரு பதிவுத் தபாலும் போடுங்கள். 12ஆம் திகதித் தேர்தல் தகராற்றில் உள்ளது, புதிய நிர்வாகிகளின் பெயர் வந்தால் இதையும் கோப்பில் சேர்க்கவும் என்று எழுதுங்கள். அவர் தேர்தலை இரத்துச் செய்து மறுதேர்தல் வைப்பார் என்று நம்பி உட்கார வேண்டாம். விசாரணையில்லாமல் விலக்கினாலோ, தகராற்றுக்குரிய நிர்வாகம் சங்கப் பணத்தில் கை வைக்கத் தொடங்கினாலோ போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம், கேட்க வேண்டியது தடைக்கட்டளை. செலவுக்குப் பயந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமான விவரத்தோடு பேசுங்கள். அதற்கு முன் செயலாளருக்கு ஒரு கோரிக்கை: 312 சீட்டுகள், அடிக்கட்டைகள், 287 கையொப்பமுள்ள இடாப்பு மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒட்டிய நாடாவின் மேல் இரு தரப்பும் கையொப்பமிட்டு முத்திரையிட வேண்டும். அந்த 25 மேலதிகச் சீட்டுகள்தான் உங்கள் முழு வழக்கும். குப்பைக்குப் போய்விட்டால் பிறகு உங்கள் வாய்ச்சொல்லும் அவர்கள் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும். 'கள்ள வாக்குப் போட்டார்' என்று யாருடைய பெயரையும் எழுதாதீர்கள். எண்களை மட்டும் எழுதுங்கள். வட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் ஒன்றும் போடாதீர்கள். 'நல்லெண்ணத்துடன்' என்ற சொல்லை அங்கேதான் உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள்.

ஆறு பேர் விலகுவது பற்றி. அவர்களை ஏசாதீர்கள். வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் விலகும் கடிதத்தின் வாசகம் மற்ற 17 பேரையும் தொடும். 'என் கையொப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்' என்பதோடு நிறுத்தினால் பாதகமில்லை. 'முறைப்பாடு பொய், என்னை ஏமாற்றிக் கையொப்பம் வாங்கினார்கள்' என்று யாரோ எழுதிக் கொடுத்த தாளில் கையொப்பமிட்டால், மீதிப் பேர் மீது பொய் முறைப்பாட்டுக் குற்றம் சாட்ட அது கருவியாகும். இந்த வித்தியாசத்தை இன்றே ஆறு பேருக்கும் ஆளுக்காள் போய்ச் சொல்லுங்கள். இனிக் கொடுக்கும் கடிதங்களில் கையொப்பங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இடாமல் வட்டமாக இடுங்கள். யார் முதலில் என்று தெரியாது, ஓர் அக்காவை மட்டும் பிடித்துப் பக்கிங்குக்கு அனுப்ப முடியாது.

'காட்டிக் கொடுத்தவர்' என்ற சொல் எங்கள் மண்ணில் எவ்வளவு கனமானது என்று வெளியிலிருப்பவர்களுக்கு விளங்காது. அந்தச் சொல் ஒட்டியதால் ஊரில் நிமிர்ந்து நடக்க முடியாமல் போன குடும்பங்கள் உண்டு. அது தெரிந்தேதான் அதை எடுக்கிறார்கள். நீங்கள் முதலில் போனது சங்கச் செயலாளரிடம், அதாவது உங்கள் சொந்த வீட்டுக்குள். இதைச் சக தொழிலாளருக்கு அமைதியாகச் சொல்லுங்கள். அந்தச் சொல்லைச் சொன்னவர், இடம், நேரம் கொப்பியில் ஏறட்டும். வீட்டுக்கு ஆள் வந்து மிரட்டினால் அது சங்க விடயமல்ல. பொலிஸில் தமிழில் முறைப்பாடு பதியுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டே கையொப்பமிடுங்கள், பதிவு இலக்கத்தை வாங்கி வாருங்கள்.

பிரதேச சபையிலோ பாடசாலையிலோ வேலை செய்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தொழில்வழங்குநர் என்ற வகையில் அரசைக் கட்டாது. சங்கச் செயற்பாட்டுக்குப் பழிவாங்கலாக இடமாற்றம் வந்தால் அரசியலமைப்பின் 14(1)(ஈ) (தொழிற்சங்கம் அமைக்கும், சேரும் உரிமை), 126ஆம் (அடிப்படை உரிமை மனு) உறுப்புரைகளின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரே ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில், வவுனியாவிலும் அதற்கு அலுவலகம் உண்டு, முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் கழியாது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு யாப்புத் திருத்தம் ஒன்றை இப்போதே அறிவித்தல் கொடுத்து வையுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: 'தேர்தல் தொடர்பாக நல்லெண்ணத்துடன் முறையிட்ட, சாட்சி சொன்ன எந்த உறுப்பினர் மீதும் அந்தக் காரணத்துக்காக ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாகாது. முறைப்பாட்டுத் திகதியிலிருந்து 6 மாதத்துக்குள் எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் வேறு காரணம் உண்டென்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவுக்கு உரியது.'

இந்த மாதச் சம்பளத் துண்டு வந்ததும் முதலில் சங்கச் சந்தா வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். முறைப்பாடு கொடுத்தவர்களின் சந்தாவைச் சத்தமில்லாமல் வெட்டாமல் விட்டு, சில மாதம் கழித்து 'நிலுவை, ஆகவே உறுப்பினரல்ல' என்று தள்ளிவிட்டால், முறைப்பாட்டைத் தொடர ஆளே இருக்காது. வெட்டவில்லையென்றால் அந்த வாரமே சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடுங்கள், அல்லது காசுக்கட்டளையாகப் பொருளாளர் பெயருக்கு அனுப்புங்கள். துண்டின் பின்னால் எந்த மாதத்துக்கான சந்தா என்று எழுதிக் கொப்பியில் ஒட்டுங்கள். மற்ற 22 பேரின் துண்டையும் ஒருக்கால் வாங்கிப் பாருங்கள்.